கோகிலாவுக்கு ஓர் அர்ச்சனை

"நாசமாப் போவா அந்த மாமியாக்காரி! வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணை இப்படியா வேலை வாங்குவா?" என்று சொல்லி, பாக்கியலட்சுமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, எதிரே அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே தமக்குத் தொடர்கதை படித்துக் காட்டும் மருமகளைப் பார்த்து, "கை ஏன்டி நிக்குது? வாய்தானே படிக்குது, கையுமா படிக்குது?" என்றார்.

ஜெயாவின் கை மறுபடி ஓடியது. வாயும் ஓடியது. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பகுதியில் அரைத்த மசாலா என்றால் பாக்கியலட்சுமியம்மாள் வீட்டு மசாலாதான். மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, குருமாவுக்கு ஒன்று என்று உருட்டி, வாழையிலைத் துண்டில் மடித்து வைத்திருப்பார். தமிழ் வீடுகள், சீன வீடுகள், செட்டிக் கம்பத்து வீடுகள் எல்லாம் அவருக்கு வாடிக்கை. "எல்லாம் என் கைப் பக்குவம்லா" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். மகனுக்குக் கலியாணம் ஆன நாளிலிருந்து அது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு. கை ஜெயாவுடையது. பக்குவம் மட்டும் இவருடையது. முக்காலியில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டு" என்பார்.

இவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கதை கேட்காமல் சோறு இறங்காது. மெட்ராசிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகை பினாங்கில் இறங்கி மலாக்காவுக்கு வந்து சேரும்போது பழசாகியிருக்கும். பத்திரிகைக் கடைக்காரர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே இவர் கடை வாசலில் நிற்பார். வாங்கிவந்த கையோடு, வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில், கவிழ்த்த பிஸ்கட் டின்மேல் பத்திரிகையை விரித்து, பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் தேங்காய் மூடி வைப்பார். அம்மியில் குனிந்திருக்கிற ஜெயாவின் கண்ணுக்கு எழுத்து நேராக விழும்படி டின்னை நகர்த்தியும் கொடுப்பார். மருமகளுக்குச் செய்யும் பணிவிடையில் அவர் குறை வைத்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வெங்காயம் உரித்துக் கொடுக்கும் சாக்கில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்காருவார்கள். நானும் வேலி தாண்டிப் போய் ஓரமாக உட்காருவேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. பார்த்துக்கொண்டிருக்க வரும்.

கதையில் வருகிறவர்களைப் பற்றிப் பாக்கியலட்சுமியம்மாள் பேசுவதைக் கேட்டால், அவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஒருமுறை பாசாரில் மீன்காரரிடம், "கோகிலாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், மனசே சரியில்ல" என்றார். மீன்காரர் நல்ல மனிதர். "எந்த வீடு அக்கா? ரெண்டு வாளை மீன் கொடுத்தனுப்பவா, ரசம் வெக்க?" என்று கேட்டுவிட்டார். "அது தஞ்சாவூர்ல இருக்குப்பா" என்று இவர் வருத்தத்தோடு சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு மீன் தாங்காதே என்கிற வருத்தம்.

வாசகசாலைக் காரியதரிசி சேதுராமன் ஆண்டு விழாவில் இவரைப் பற்றியே பேசினார். கதை படிப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்களாம். அயலார் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் பக்குவம் வருகிறது, மனம் விசாலம் அடைகிறது, இதற்கு அத்தாட்சி வேண்டுமானால் நம் பாக்கியலட்சுமியம்மாளைப் பாருங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயா அங்கே இல்லை. அவளுக்கு வீட்டில் கொத்தமல்லி வறுக்க வேண்டியிருந்தது. காரியதரிசி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மாளின் மனம் விசாலமானதுதான். தஞ்சாவூர், மதுரை, மெட்ராஸ் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. சொந்த வீட்டு அடுப்படிக்குத்தான் இடம் போதவில்லை.

அது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, வந்த வருடம். ஜெயாவுக்கு வளைகாப்பு முடிந்ததும், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருந்த அவள் தாயார், தலைப்பிரசவத்துக்கு மகளைக் கையோடு அழைத்துப் போகிறேன் என்றார். எல்லா வீட்டிலும் நடக்கிற வழக்கம். ஜெயாவுக்கு அது வழக்கம் மட்டும் அல்ல. அவளுடைய அக்கா, தன் புருஷன் வீட்டிலேயே பிள்ளை பெறப் போய்ப் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து, அம்மா பக்கத்தில் இல்லாமல் நான் பெற மாட்டேன் என்று மனதுக்குள் வைத்திருந்தாள். என்னிடம் ஒரே ஒரு முறை கிணற்றடியில் சொன்னாள். சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் விட்டாள்.

பாக்கியலட்சுமியம்மாள் வந்த சம்பந்தியம்மாளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார். வளையலை வாங்கி வைத்துக்கொண்டார். பெண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

"ரோட்டுல கம்யூனிஸ்டுகாரன் சுடுறான். இந்த நேரத்துல பிள்ளைத்தாச்சிய பஸ்ல ஏத்துறதா?"

மலாக்கா வட்டாரத்தைக் கம்யூனிஸ்டு பயம் நீங்கிய வெள்ளைப் பகுதி என்று சர்க்கார் அறிவித்து, ஊரடங்கு எடுத்து, வருடங்கள் ஆகியிருந்தன. அதைச் சம்பந்தியம்மாள் பணிவாக எடுத்துச் சொன்னார். உடனே வேறு காரணம் வந்தது. "குனிஞ்சு அம்மி அரைச்சாத்தான் சுகப்பிரசவம் ஆகும். உங்க வீட்டுல இவ்வளவு பெரிய அம்மி இருக்கா?" இருக்கவில்லை. கடைசியாக உண்மையான காரணம் வந்தது. "மெர்டேக்கா வருது. ஊரெல்லாம் விருந்து ஆக்கப் போறான். மசாலா யார் அரைக்கிறது?"

நாடு விடுதலை அடைவதற்கு ஜெயாதான் அரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவளுடைய புருஷன் கருணாகரன் துறைமுகத்தில் எடை எழுதுகிற கிராணி. எந்த மூட்டையானாலும் என்ன எடை என்று பார்த்ததும் சொல்லிவிடுவான். வீட்டிலும் எந்தப் பக்கம் கனம் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நொடிகூட ஆகாது. "அம்மா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஜெயாவின் தாயார் பஸ் ஏறும்போதுகூட அவன் வரவில்லை.

அந்த வாரத்திலிருந்துதான் கோகிலாவின் கதை திசை திரும்பியது.

கோகிலா கர்ப்பமாகி, ஒரே வாரத்தில் ஏழாம் மாதத்துக்கு வந்துவிட்டாள். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாமியார் மறுத்தாள். அறுவடை நேரம், நெல் குத்த ஆள் வேண்டும் என்றாள். கொட்டகையில் இருந்த பெண்கள் 'த்சொ த்சொ' என்றார்கள். பாக்கியலட்சுமியம்மாள் கொதித்துப் போனார்.

"இவ பெத்ததே இல்லையா? இவ அம்மா வீட்டுக்குப் போனதே இல்லையா? நெல்லு குத்த ஆள் இல்லைன்னா இவ குத்தட்டுமே, கை அழுகியா போச்சு?"

"கோகிலா புருஷன்," என்று ஜெயா குனிந்தபடியே படித்தாள், "'அம்மா சொன்னா சரிதான்' என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்."

"த்தூ! ஆம்பளையா அவன்? ஒரு சேலைய எடுத்துக் கட்டிவிடுங்கடி!"

உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த கருணாகரனுக்குப் புரையேறியது.

எனக்குச் சந்தேகம் வந்தது ஜெயாவின் கண்ணைப் பார்த்து. படிக்கிற கண் இடமிருந்து வலம் ஓடும். ஓடி, திரும்பி வரும். அவள் கண் பத்திரிகையில் ஒரே இடத்தில் நின்றது, கிணற்றுக்குள் விழுந்த சாமானைப் பார்ப்பதுபோல. எல்லாரும் கேட்டு முடித்த பத்திரிகை கடைசியாக என்னிடம் வரும். அன்று அதை வாங்கிக்கொண்டு போய் விளக்கடியில் பிரித்தேன். முன்னெல்லாம் தொடர்கதைப் பக்கம் ஒவ்வொன்றிலும் மஞ்சளும் மிளகாயுமாக அவள் விரல் பதிந்திருக்கும். இந்த முறை முதல் பக்கத்தில் மட்டும்தான் கறை. மற்ற பக்கங்கள் கடையிலிருந்து வந்தபடியே இருந்தன.

அச்சில் கோகிலாவுக்குக் கர்ப்பம் என்று ஒரு பேச்சே இல்லை. காணாமல் போன தம்பியைத் தேடி அவள் ரயிலேறியிருந்தாள். அந்த மாமியார் அந்த இதழிலேயே மார்வலியில் இறந்து, காரியமும் முடிந்திருந்தது. ஜெயா அவளை உயிரோடு வைத்திருந்தாள். அவளால் இன்னும் வேலை ஆக வேண்டியிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மெட்ராசில் இருந்து எழுதுகிறவர் கதையை விட, அம்மியில் குனிந்தபடி சொன்னவளின் கதை நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம்.

கோகிலாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. ஜெயாவுக்கும் தொடங்கியது. கோகிலாவுக்குக் கால் வீங்கியது. ஜெயாவின் காலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது பத்திரிகையில் வரவில்லை. பாக்கியலட்சுமியம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. "அந்தப் பொண்ணு நல்லபடியா பெத்துப் பிழைக்கணும், பிள்ளையாரப்பா" என்று வேண்டிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை எங்களையெல்லாம் துக்காங் எமாஸ் தெருக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"கோகிலா."

"யாரு, சொந்தமா?"

"தெரிஞ்ச பொண்ணு சாமி. மாமியாகிட்ட மாட்டிக்கிட்டுப் படாத பாடு படுது."

"நட்சத்திரம்?"

அம்மாள் திகைத்தார். திரும்பி, "ஏ ஜெயா, கோகிலாவுக்கு என்னடி நட்சத்திரம்?" என்றார்.

ஜெயா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே, "ரேவதி" என்றாள்.

ரேவதி அவளுடைய நட்சத்திரம். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது மாமியார் அதைக் கேட்டவர்தான். பொருத்தம் இருக்கிறது என்றதும் மறந்துவிட்டார். குருக்கள் ரேவதி நட்சத்திரத்துக்கு நிறைவாக அர்ச்சனை செய்தார். பிரசாதப் பூவை அம்மாள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். யாருக்கு வைத்துவிடுவது என்று தெரியாமல் வீடு வருவதற்குள் அது வாடிப் போயிற்று.

இனி மீனாச்சி பிபிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிபிக் என்றால் அங்கே அத்தை, பெரியம்மா மாதிரி. அவர் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழ் அந்த வீடுகளை விட்டுப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிறது. மசாலா வாங்க வருவார். அரைத்து முடியும் வரை எங்களோடு உட்காருவார். நாங்கள் அழுதால் அவரும் அழுவார். அழுது முடித்து, "சியாப்பா மாத்தி?" என்று கேட்பார். யார் செத்தது என்று அர்த்தம். "பெலும்" என்பார் பாக்கியலட்சுமியம்மாள். இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். அவ்வளவோடு முடிந்துவிடும்.

ஆகஸ்டு மாதம். தெருவில் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மசாலாவுக்கு வந்தவர்கள் கொட்டகை வரை நின்றார்கள். ஜெயா அன்று படித்த பகுதியில், கோகிலா நெல் குத்தும்போது மயங்கி விழுந்தாள். மாமியார் சொம்புத் தண்ணீரை முகத்தில் தெளித்து, எழுந்ததும் மறுபடியும் உலக்கையைக் கையில் கொடுத்தாள். பாக்கியலட்சுமியம்மாள் வாய்விட்டே அழுதார். மீனாச்சி பிபிக்கும் அழுதார். அழுதுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்காமல், அம்மாளின் முழங்காலைத் தொட்டு, "அப்பா பாசால், அக்கா?" என்றார். என்ன விஷயம், நீயாவது சொல் என்கிற மாதிரி.

துக்கம் நெஞ்சு வரை நிறைந்திருந்ததால் அம்மாள் அன்று சொல்லத் தொடங்கினார்.

அவருடைய மலாய் மசாலா விற்கக் கற்ற மலாய். அதில் விலை உண்டு, எடை உண்டு, நாளைக்கு வா என்பது உண்டு. 'ஒரு ஊரில்' என்பது இல்லை. 'கதையில்' என்பதும் இல்லை. தஞ்சாவூர் விழுந்துவிட்டது, பண்ணை வீடு விழுந்துவிட்டது, கோகிலாவின் பெயரும் விழுந்துவிட்டது. நெல் குத்துவதற்கு மலாயில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியாததால், தெரிந்த ஒரு சொல்லைப் போட்டு, கையை அம்மிமேல் அரைப்பதுபோல் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார்.

"மா மெர்துவா ஜாஹாட். மெனந்து புந்திங். ஹாரி-ஹாரி கீலிங். ரூமா மா தா காசி பாலேக்."

மாமியார் கெட்டவள். மருமகள் கர்ப்பிணி. தினம் தினம் அரைக்கிறாள். தாய் வீட்டுக்கு விடவில்லை.

மீனாச்சி பிபிக் இவ்வளவையும் கவனமாகக் கேட்டார். அம்மியைப் பார்த்தார். அம்மிக்கு மேலே குனிந்திருந்த ஜெயாவின் வயிற்றைப் பார்த்தார். கடைசியில் பாக்கியலட்சுமியம்மாளின் முகத்தைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. தவறு செய்தவள் தானே வாய்திறந்து சொல்லி அழும்போது ஒரு நல்ல சிநேகிதி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தார். பிறகு, அம்மாளின் தோளைத் தடவிக்கொடுத்து, மெதுவாகக் கேட்டார்.

"ஜாடி, பீலா லு மௌ காசி டியா பாலேக்?"

அப்படியானால், எப்போது அவளை அனுப்பப் போகிறாய்?

அம்மிக் குழவி நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தார்கள்.

"புக்கான் சாயா! ஓராங் லாயின்!" என்று கத்தினார் அம்மாள். நான் இல்லை, வேறு ஆள். "ஏய், சொல்லுங்கடி, பத்திரிகையில வர்றதுன்னு சொல்லுங்கடி இவகிட்ட!"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"யாலா, யாலா, ஓராங் லாயின்" என்றார் மீனாச்சி பிபிக், பெருந்தன்மையோடு. ஆமாம் ஆமாம், வேறு யாரோதான். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, இப்படித்தானே சொல்ல வேண்டும் என்று அவர் தலையை ஆட்டியதில் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மசாலாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, போகும்போது ஜெயாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார். செட்டிக் கம்பத்தில் முப்பது அடுப்புக்குக் குறையாது. அத்தனையும் பாக்கியலட்சுமியம்மாளின் வாடிக்கை. மசாலா போகிற வழியெல்லாம் அன்று இன்னொன்றும் போகும்.

அம்மாள் முக்காலியிலிருந்து கீழே பார்த்தார். அவர் கண் ஜெயாவின் பாதத்தில் நின்றது. மெட்டி விரலில் புதைந்திருந்தது. அந்தக் கால் அப்படி வீங்கி ஒரு மாதம் இருக்கும்.

கண்ணை எடுக்காமலே, "மேல படி" என்றார்.

"அவ்வளவுதான் அத்தே. மிச்சம் அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் அந்த மாமியா என்ன பண்ணுவா?"

"எனக்கு எப்படி அத்தே தெரியும்?" என்றாள் ஜெயா. அவள் குழவியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "எழுதுறவங்களுக்குத்தான் தெரியும்."

பாக்கியலட்சுமியம்மாள் யோசித்தார்.

"அனுப்பிடுவா," என்றார். "வேற என்ன பண்ணுவா? அவளும் மனுசிதானே." பிறகு உள்பக்கம் திரும்பி, "டேய் கருணா, ஜாசின் பஸ்ஸு காலையில எத்தனை மணிக்குடா?" என்று கேட்டார்.

ஊர் வாய்க்குப் பயந்தாரா, கோகிலாவுக்கு இரங்கினாரா, காலைப் பார்த்தாரா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. வாசகசாலைக் காரியதரிசி சேதுராமனைக் கேட்டால் சொல்லக்கூடும். அம்மாளைக் கேட்கவே வேண்டியதில்லை. மறுநாள் பஸ் நிறுத்தம் போகும் வழியெல்லாம், எதிர்ப்பட்டவர்களிடம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். "மருமவள அம்மா வீட்டுக்கு அனுப்புறேன். எல்லா மாமியாளும் அனுப்புறாளா? ஒருத்தி இருக்கா தஞ்சாவூர்ல. பிள்ளைத்தாச்சி மயங்கி விழுந்தாக்கூட விட மாட்டா. நானா இருக்கப்போய் அனுப்புறேன்."

விடியற்காலையிலேயே எழுந்து அவரே ஒரு கூடை மிளகாய் அரைத்திருந்தார். மெர்டேக்கா நிற்காதல்லவா. வெகுநாள் கழித்து அரைத்ததில் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதையும் வழியில் இரண்டு பேரிடம் சொன்னார்.

பஸ் வந்தது. கருணாகரன் பெட்டியைத் தூக்கி மேலே போட்டுவிட்டு, கூடவே போவதற்கு ஏறிக்கொண்டான். ஜெயா ஜன்னலோரம் உட்கார்ந்து, "போய்ட்டு வர்றேன் அத்தே" என்று முகத்தை வெளியே நீட்டினாள். பாக்கியலட்சுமியம்மாள் அவள் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தி, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். புடவையில் அழுத்தித் துடைத்தார். மறுபடி முகர்ந்தார். காரம் போகவில்லை போலிருக்கிறது. பஸ் உறுமிக் கிளம்புகிற நேரத்தில், கையைத் திருப்பி, புறங்கையால் அவள் கன்னத்தைத் தொட்டார்.